இளமையிலும் வரும் மார்பகப் புற்றுநோய்

மார்பகப் புற்றுநோய் முதுமையிற் காணும் பிணி என்றும், மகளிர் தம்முள் மறைவிற் பேசிக்கொள்ளவேண்டிய பொருள் என்றும், தாயின் வழியில் மாத்திரமே அது குடும்பங்களில் தொடரும் என்றும் மூன்று எண்ணங்கள் நம்மவர்களிடையே வேரூன்றியுள்ளன. இம்மூன்றும் பிழையானவை. பிழையான எண்ணங்களுட் பல நகைத்து விட்டுவிடத் தக்கவை. இவையோ உயிரைக் கொள்ளும் எண்ணங்கள். முப்பது வயதுப் பெண்ணொருத்தி தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டு கலங்கும்பொழுது, “இந்த வயதில் அது வராது” என்று வீட்டார் சொல்லும் ஆறுதலே பல வேளைகளில் அவளுக்கு வாய்த்த நல்ல காலத்தைப் பறித்துவிடுகின்றது.

பெரும்பாலும் ஆடவரே எடுத்துப் படிக்கும் பழைய மாணவர் மலரொன்றிலே இப்பொருளைப்பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே எமது துணிபு. நமது குடும்பங்களிலே வைத்தியரிடம் எப்பொழுது செல்வது, எங்கே செல்வது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றை முடிவுசெய்வோர் இன்றும் பெரும்பாலும் தந்தையரும் கணவரும் மூத்த சகோதரருமே. இஃதொரு காரணம். மற்றொரு காரணம் இதனினும் ஆழமானது. அதனைக் குடிவழி பற்றிக் கூறுமிடத்து விளக்குவோம்.

நோயின் இயல்பு

நமது உடல் எண்ணற்ற கலங்களால் ஆயது. பழைய கலங்கள் மடியப் புதியவை தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. ஒரு கலம் எப்பொழுது பிரியவேண்டும், எப்பொழுது பிரியாது நிற்கவேண்டும், எப்பொழுது மடியவேண்டும் என்னும் கட்டளைகள் அதன் கருவிலுள்ள பரம்பரையலகுகளிலே பொதிந்துள்ளன. அக்கட்டளைகளுட் சில பழுதுபட்டுவிடின், அக்கலம் அடக்கமின்றிப் பெருகத் தொடங்கும். இவ்வாறு கட்டுக்கடங்காது பெருகி, அயலிலுள்ள இழையங்களை ஊடுருவும் கலத்தொகுதியையே புற்று என்கின்றோம்.

மார்பகத்திலே பாலைச் சுரக்கும் நுண்ணறைகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களும் உள்ளன. இவற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் கலங்களிலேதான் பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் தொடங்குகின்றன. குழாயின் எல்லைக்குள் அடங்கி நிற்குமளவும் அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. எல்லையைக் கடந்தபின் அது நிணநீரின் வழியாகக் கமக்கட்டிலுள்ள நிணநீர்க்கணுக்களை அடைகின்றது. இரத்தத்தின் வழியாக எலும்பு, ஈரல், சுவாசப்பை, மூளை ஆகியவற்றிற் குடியேறுகின்றது. மார்பிலே நிற்கும் கட்டி உயிரைக் கொள்வதன்று. அதிலிருந்து புறப்பட்டு வேறிடங்களிற் பரவும் கலங்களே உயிரைக் கொள்கின்றன. ஆதலினாலேதான் இந்நோயிற் காலம் அத்துணை முக்கியமாகின்றது.

இது தொற்றுநோயன்று. நோயாளியோடு ஒரு பாத்திரத்தில் உண்பதாலோ, அவளது குழந்தையைத் தூக்குவதாலோ, அவளது ஆடையைத் தோய்ப்பதாலோ எவருக்கும் இது வருவதில்லை. மார்பில் அடிபட்டதனாலும் இது தோன்றுவதில்லை; அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்பொழுது முன்னரே இருந்த கட்டி கைக்கு அகப்படுவதே இந்நம்பிக்கைக்குக் காரணமாயிற்று.

இளமையும் நோயும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களிடத்து இந்நோய் கண்டறியப்பட்டது. 670,000 பேர் இதனால் இறந்தனர். வயது ஏற ஏற நோய் வரும் வாய்ப்பும் ஏறுகின்றதென்பது உண்மையே. ஆயினும் ஏறுகின்றது என்பதற்கும், இளமையில் இல்லை என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ஐக்கிய அமெரிக்காவிற் புதிதாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோயாளருள் நூற்றுக்கு 9 பேரளவில் 45 வயதுக்குட்பட்ட பெண்கள். ஆசிய நாடுகளிலே நோய் காணப்படும் சராசரி வயது மேனாடுகளிலும் குறைந்தது. மக்கட்டொகையில் இளையோர் மிகுந்திருத்தல் இதற்கு ஒரு காரணம்.

இளம்பெண்களிடத்துக் காணப்படும் நோய் தன் குணத்திலும் சிறிது வேறுபடுகின்றது. விரைந்து பிரியும் கலங்களையுடைய வகைகள் அவர்களிடத்து ஒப்பளவில் மிகுதி. ஓமோன்களுக்குக் கட்டுப்படாத வகையும் அவர்களிடத்துச் சற்று அதிகம். இவற்றோடு மற்றொரு தீமையும் சேருகின்றது. முதியோர்க்கு வகுக்கப்பட்ட பரிசோதனை ஏற்பாடுகள் இளையோரைச் சென்றடைவதில்லை. கட்டியை அவளே காணவேண்டும். கண்டபின் அவளை நம்பவேண்டும். இவ்விரண்டில் எது தவறினும் நோய் முந்திக்கொள்கின்றது.

உலக சுகாதார நிறுவனம் கூறும் வேறொரு செய்தியும் மனங்கொள்ளத் தக்கது. இந்நோயுற்ற பெண்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடத்துப் பெண்ணாயிருத்தல், வயது என்னும் இரண்டையுந் தவிர வேறு தனிப்பட்ட காரணி எதுவும் காணப்படுவதில்லை. ஆகவே நோயுற்றவளை நோக்கி, நீ இன்னது உண்டாய், இன்னது செய்தாய், அதனால் வந்தது எனக் குற்றஞ்சாட்டுதல் அறிவுடைமையும் அன்று, அன்புடைமையும் அன்று.

கிளாஸ்கோவில் ஒரு சத்திரசிகிச்சை

இளமைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1895ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே ஜோர்ஜ் பீற்சன் என்னும் சத்திரவைத்தியரிடம் 33 வயதுத் தாயொருத்தி வந்தாள். அவளது மார்பகம் முன்னரே அகற்றப்பட்டிருந்தது. ஆயினும் நோய் மீண்டும் தோன்றியிருந்தது. அக்காலத்தில் அந்நிலையில் உள்ளவருக்குச் செய்யத்தக்கது எதுவும் இல்லை.

பீற்சன் பாற்சுரப்பைப்பற்றி முன்னர் ஆராய்ந்தவர். பசுக்களின் சூலகத்தை நீக்கினால் அவை நெடுங்காலம் பால் தருமென்று பண்ணையாளரிடையே நிலவிய அனுபவத்தை அவர் அறிந்திருந்தார். வயிற்றினுள்ளே கிடக்கும் சூலகம் மார்பிலுள்ள சுரப்பியை எவ்வகையாலோ ஆள்கின்றது என்று அவர் ஊகித்தார். அவ்வாறாயின், மார்பகத்திலே தோன்றிய புற்றையும் அது ஆளக்கூடுமன்றோ? அவர் அப்பெண்ணின் சூலகங்களை அகற்றினார். புற்றுக்கட்டிகள் சுருங்கி மறைந்தன. நோய் பின்னர் மீண்டதாயினும், அவள் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தாள். 1896ஆம் ஆண்டு பீற்சன் இதனை வெளியிட்டபொழுது ஓமோன் என்னும் சொல்லே பிறக்கவில்லை.

சூலகத்திலிருந்து புறப்படும் அப்பொருளை ஈஸ்திரஜன் என்று இன்று அறிவோம். மார்பகக் கலங்களிலே ஈஸ்திரஜனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் உள்ளன என்பதைச் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன் என்பவர் பிற்காலத்தில் நிறுவினார். வாங்கி ஒரு பூட்டு. ஈஸ்திரஜன் அதன் திறப்பு. திறப்புப் பூட்டில் நுழைந்தவுடன், பெருகுக என்னும் கட்டளை கலத்துக்குக் கிடைக்கின்றது. பூட்டினுள் நுழையும், ஆனால் திறக்காது அடைத்துக்கொண்டு நிற்கும் பொய்த்திறப்பொன்றைச் செய்தால் என்ன? அத்தகைய மருந்தே தமொக்சிபென். 1962ஆம் ஆண்டு இங்கிலாந்திலே கருத்தடைக்கெனச் செய்யப்பட்டு, அந்நோக்கத்திற்குப் பயன்படாது போன இம்மருந்து, 1970களிலே மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஓமோன் வாங்கிகளையுடைய நோயாளர் இதனை ஐந்து ஆண்டுகள் உட்கொள்ளின், இந்நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைகின்றது. விலை மலிந்த மாத்திரையொன்றால் விளையும் நன்மை இது.

மாதவிடாய் நிற்காத இளம்பெண்ணின் சூலகமோ ஓயாது ஈஸ்திரஜனைச் சுரந்துகொண்டிருப்பது. ஆதலால் ஆபத்து மிகுந்தோர்க்கு, குறிப்பாக 35 வயதுக்குட்பட்டோர்க்கு, சூலகத்தையும் மருந்தினால் ஓய்வுறச் செய்தல் மேலதிக நன்மை தருமென்று 2014ஆம் ஆண்டு வெளியான சர்வதேச ஆய்வொன்று காட்டிற்று. பீற்சன் கத்தியாற் செய்ததை இன்று ஊசிமருந்து செய்கின்றது. கத்தி எடுத்ததை மீளக் கொடாது. மருந்தை நிறுத்தினாற் சூலகம் பெரும்பாலும் மீள இயங்கும்.

குடிவழியும் தந்தையும்

சில குடும்பங்களிலே இந்நோய் தலைமுறை தலைமுறையாக வருவதைப் பலர் கண்டிருக்கின்றனர். பிரான்ஸ் தேசத்துச் சத்திரவைத்தியர் போல் புறோக்கா தமது மனைவியின் குடும்பத்திற் பல தலைமுறைகளில் இந்நோய் தோன்றியதை 1866ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆயினும் நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அறிஞர் பலர் இதனை ஒரு பரம்பரையலகின் செயலென ஏற்கவில்லை. இத்துணைப் பரவலான நோய்க்கு ஒரேயொரு பரம்பரையலகைத் தேடுதல் வீண்முயற்சி என்றனர்.

அம்முயற்சியை மேற்கொண்டவர் கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திலிருந்த மேரி-கிளயர் கிங் அம்மையார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் உழைத்தார். 23 குடும்பங்களைச் சேர்ந்த 146 நோயாளரின் விவரங்களை அவரது குழுவினர் ஆராய்ந்தனர். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாக நோக்கியபொழுது உண்மை புலப்படவில்லை. நோய் கண்ட வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியபொழுதே வழி திறந்தது. இளவயதில் நோய் தோன்றிய குடும்பங்களிலே பதினேழாம் நிறமூர்த்தத்தின் ஒரு குறித்த பகுதி நோயோடு கூடவே இறங்கி வந்தது. முதுமையில் நோய் தோன்றிய குடும்பங்களில் அவ்வாறு வரவில்லை. 1990ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. இளமையில் நோயுற்ற பெண்களே இந்நோயின் மறைபொருளொன்றை உலகுக்குத் திறந்து காட்டினர் எனலாம். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆராய்ச்சியாளர் குழுவொன்று அப்பரம்பரையலகைப் பிரித்தெடுத்தது, அது பி.ஆர்.சி.ஏ.1 எனப்பட்டது. 1995இல் மைக்கல் ஸ்ட்ரற்றன் என்பவரின் தலைமையில் இங்கிலாந்தில் இயங்கிய குழு, பதின்மூன்றாம் நிறமூர்த்தத்திலுள்ள பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மற்றொன்றைக் கண்டது. இயற்கையிலுள்ள பரம்பரையலகு எவருக்கும் தனியுடைமையாகாது என்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளித்தமை, இப்பரிசோதனையைப் பலரும் செய்ய வழிவகுத்தது.

இவ்விரு பரம்பரையலகுகளும் நோயை உண்டாக்குவதற்கு அமைந்தவையல்ல. கலத்தினுள்ளே ஏற்படும் பழுதுகளைத் திருத்துவதே அவற்றின் தொழில். ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக நம்மிடம் உள்ளது. காணி உறுதி ஒன்று நொத்தாரிசிடமும் அதன் பிரதி வீட்டுப் பெட்டகத்திலும் இருப்பதை ஒப்பிட்டு நோக்குக. ஒன்று கெட்டாலும் மற்றது காணியைக் காக்கும். இரண்டும் அழிந்தாலே வழக்கு. பெரும்பாலோர் இரண்டு நல்ல பிரதிகளோடு பிறக்கின்றனர்; ஒரு கலத்திலே இரண்டும் அழிவதற்கு நெடுங்காலம் செல்லும். சிலரோ பிறக்கும்பொழுதே ஒரு பிரதி பழுதானவராய்ப் பிறக்கின்றனர். அவர்களுக்கு எஞ்சிய ஒன்று அழிந்தாற் போதும். இத்தகையோரிடத்து நோய் இளமையிலேயே தோன்றுவதன் காரணம் இதுவே.

பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ.1 உடைய பெண்களுள் நூற்றுக்கு 72 பேரும், பி.ஆர்.சி.ஏ.2 உடையோருள் நூற்றுக்கு 69 பேரும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாவரென 2017ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்று மதிப்பிட்டது. சூலகப் புற்றுநோயும் அவர்களுக்கு மிகுதியாக வருவது. ஆயினும் இளமையில் வரும் நோயெல்லாம் குடிவழியால் வருவதெனக் கொள்ளுதல் தவறு. பிரித்தானியாவில் 40 வயதும் அதற்குட்பட்டவருமான 2,733 நோயாளரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 12 பேரிடமே இப்பழுதுகள் காணப்பட்டன. பழுதுடையோரும் பழுதில்லாதோரும் சிகிச்சையின்பின் ஏறக்குறைய ஒரே அளவில் உயிர்வாழ்ந்தனர் என்பது அவ்வாய்வு தந்த ஆறுதல்.

இனி, முன்னர்க் குறித்த காரணத்துக்கு வருவோம். பழுதுற்ற பிரதி தாயிடமிருந்து வருவதுபோலவே தந்தையிடமிருந்தும் வரும். அதனையுடைய தந்தையின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், அது செல்லும் வாய்ப்பு இரண்டிலொன்று. தந்தை தாம் எவ்வித நோயுமின்றி முதுமை எய்தலாம். அவருக்குச் சகோதரிகள் இல்லாதிருக்கலாம். ஆகவே குடும்பத்தில் இந்நோயே இல்லையென அனைவரும் நம்பியிருக்க, முப்பத்திரண்டு வயதில் மகள் நோயுறலாம். “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?” என்று வைத்தியர் வினவும்பொழுது, அம்மாவையும் அம்மம்மாவையும் பெரியம்மாவையும் சின்னம்மாவையும் எண்ணிப் பார்த்து, இல்லை என்று விடைகூறுவோர் பலர். அப்பம்மாவும் மாமியும் எந்நோயால் இறந்தனர் என்பதை எவரும் எண்ணுவதில்லை. எண்ணவேண்டும். அதனை அறிந்து சொல்லக்கூடியவர் தந்தையே.

ஆடவருக்கும் இந்நோய் வருவதுண்டு. உலகில் இந்நோயுறுவோருள் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதிலும் குறைவானோர் ஆண்கள். பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ.2 உடைய ஆடவர்க்கு இது பன்மடங்கு மிகுதி. சுக்கியன் சுரப்பிப் புற்றுநோயும் அவர்க்கு அதிகம். ஆணின் மார்பிலே தோன்றும் கட்டியையும் அலட்சியஞ் செய்தல் ஆகாது.

கண்டறியும் முறை

இளம்பெண்ணொருத்தியின் மார்பிலே காணப்படும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றல்ல என்பதை முதலிற் சொல்லவேண்டும். நார்ச்சுரப்பிக் கட்டி என்னும் வழுக்கி அசையும் கட்டியும், நீர்நிறைந்த பைகளும், மாதவிடாயை ஒட்டித் தோன்றி மறையும் திரட்சிகளும் அவ்வயதிற் சாதாரணம். எனவே கட்டியைக் கண்டவுடன் உயிரே போயிற்றென்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் எது தீங்கற்றது, எது தீங்குடையது என்பதை விரலாலும் வயதாலும் தீர்மானித்தல் இயலாது, பரிசோதனையே தீர்மானிக்கும்.

வைத்தியரிடம் காட்டவேண்டிய குறிகள் இவை: நோவில்லாத கட்டி அல்லது தடிப்பு, ஒரு மார்பகத்தின் வடிவிலோ பருமனிலோ புதிதாகத் தோன்றும் மாற்றம், தோலிற் குழிவிழுதல், அல்லது தோல் தோடம்பழத் தோல்போலாதல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தங் கலந்த நீர் கசிதல், கமக்கட்டிற் கட்டி. நோவில்லை என்பது ஆறுதலுக்குரிய அடையாளமன்று. புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் நோவதில்லை.

பிள்ளை பெற்ற தாயர் விடயத்திலே தனி விழிப்பு வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின்வரும் ஆண்டுகளிலே இந்நோய் வரும் வாய்ப்புச் சிறிது உயர்ந்து பின்னர் தணிகின்றது. அக்காலத்திலே தோன்றும் கட்டியைப் பால் கட்டியது என்று கருதிப் பத்துப்போட்டும் ஒத்தடங் கொடுத்தும் மாதங்களைக் கழித்துவிடுதல் எளிது. பால் கட்டியதாயின் சில நாட்களில் கரையும்; அழற்சியாயின் மருந்துக்கு அடங்கும். இரண்டு வாரம் கடந்தும் நிற்கும் கட்டி எதுவாயினும் வைத்தியர் கண்ணிற் படவேண்டும்.

வைத்தியர் மூன்று படிகளிற் சோதிப்பர். கையாலும் கண்ணாலும் நோக்குதல் முதற்படி. படமெடுத்தல் இரண்டாவது. ஊசியால் இழையத்துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்தல் மூன்றாவது. மமோகிராம் எனப்படும் எக்ஸ்-கதிர்ப் படத்திலே புற்றும் வெண்மையாகத் தோன்றும். இளமையில் அடர்ந்திருக்கும் சுரப்பியிழையமும் வெண்மையாகத் தோன்றும். ஆனையிறவு உப்புக் குவியலிலே வெண்கல்லொன்றைத் தேடுவது போன்றது அது. ஆகவே இளையோர்க்கு ஒலியலைப் படமே முதலிற் பெரிதும் பயன்படுகின்றது. வேண்டுமிடத்துக் காந்தப் படமும் எடுப்பர். படம் ஒன்று நன்றாயிருக்கிறது என்பதனாலே கைக்குத் தெளிவாகத் தெரியும் கட்டியை விட்டுவிடலாகாது. ஊசி பட்டாற் புற்றுப் பரவும் என்னும் அச்சம் ஆதாரமற்றது; அவ்வச்சத்தாற் பிந்துதலே ஆபத்து.

மாதந்தோறும் ஒழுங்குமுறைப்படி தன்னைத்தானே சோதித்தலால் இறப்புக் குறையுமா என்பதைச் சீனாவின் ஷங்காய் நகரத்திலே 266,000க்கு மேற்பட்ட ஆலைத்தொழிலாளப் பெண்களிடத்து ஆராய்ந்தனர். அதனால் இறப்புக் குறையவில்லை என்று 2002ஆம் ஆண்டு வெளியான முடிவு காட்டிற்று. ஆகவே இன்று வைத்தியர் வலியுறுத்துவது சடங்குபோன்ற சோதனையையன்று. தன் உடலின் இயல்பை அறிந்திருந்து, அதில் மாற்றங் கண்டவுடன் தாமதியாது காட்டுதலையே. நோய்க்குறியில்லாதோர்க்கு மமோகிராம் எடுக்கத் தொடங்கும் வயதை ஐக்கிய அமெரிக்காவின் நிபுணர் குழு 2024ஆம் ஆண்டு 50இலிருந்து 40ஆகக் குறைத்தது. குடிவழி ஆபத்துடையோர் அதற்கும் முன்னரே வைத்திய ஆலோசனை பெறல்வேண்டும்.

சிகிச்சையும் தாய்மையும்

1894ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரத்திலிருந்து வில்லியம் ஹால்ஸ்ரெட் வெளியிட்ட முறைப்படி, மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளும் கமக்கட்டுக் கணுக்களும் முற்றாக வெட்டி நீக்கப்பட்டன. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இதுவே நெறியாயிருந்தது. கட்டியை மாத்திரம் நீக்கிக் கதிர்ச்சிகிச்சை செய்தாலும் நோயாளர் அதே அளவில் உயிர்வாழ்வர் என்பதை அமெரிக்காவில் பேர்ணாட் பிஷரும் இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகள் நிறுவின. இருபது ஆண்டு அவதானத்தின் முடிவுகளை இருவரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே “ஆசுப்பத்திரிக்குப் போனால் மார்பை எடுத்துவிடுவார்கள்” என்று அஞ்சி மறைக்கும் பெண்ணுக்கு நாம் சொல்லத்தக்கது இது: சிறிய நிலையிற் சென்றால் அது பெரும்பாலும் வேண்டியிராது, மறைத்தால் வேண்டிவரும்.

கட்டியின் இயல்பை ஒட்டி இரசாயன சிகிச்சையும், ஓமோன் சிகிச்சையும், குறிபார்த்துத் தாக்கும் மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்த வகை ஒருகாலத்தில் மிகக் கொடியதெனக் கருதப்பட்டது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட திரஸ்துசுமாப் என்னும் மருந்து அந்நிலையை மாற்றிற்று. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் அட்டவணையிற் சேர்த்தது.

இளம்பெண்ணின் உள்ளத்தை மிக வாட்டும் வினா ஒன்றுண்டு: இனி நான் தாயாகலாமா? இரசாயன மருந்து சூலகத்தைப் பாதிக்கக்கூடும். ஆதலின் சிகிச்சை தொடங்குமுன்னரே இதுபற்றி வைத்தியரோடு பேசுதல் வேண்டும். முட்டைகளையோ முளையங்களையோ உறைநிலையிற் காத்துவைக்கும் முறைகள் உள்ளன. ஓமோன் மாத்திரையோ ஐந்து முதற் பத்தாண்டுவரை உட்கொள்ளவேண்டியது. அதனை உட்கொள்ளுங் காலத்திற் கருத்தரித்தல் ஆகாது. முப்பத்தைந்து வயதினளுக்குப் பத்தாண்டு காத்திருத்தல் என்பது தாய்மையைத் துறத்தலேயாம். இதற்கு விடைகாண எழுந்த சர்வதேச ஆய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. 42 வயதும் அதற்குட்பட்டவருமான 500க்கு மேற்பட்ட பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுவரை மாத்திரை உட்கொண்டபின், இரண்டாண்டுவரை அதனை நிறுத்தித் தாய்மைக்கு முயன்றனர். அவதானிக்கப்பட்ட 497 பேருள் 368 பேர் கருத்தரித்தனர். 317 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். மூன்றாண்டில் நோய் மீண்டோர் நூற்றுக்கு 8.9, மாத்திரையை இடையில் நிறுத்தாத ஒப்பீட்டுக் கூட்டத்தில் 9.2. நெடுங்கால அவதானம் இன்னும் தொடர்கின்றதாயினும், பல குடும்பங்களுக்கு இது பெரும் ஒளி. கருவுற்றிருக்கும்பொழுதே நோய் காணப்படினும், சத்திரசிகிச்சை செய்யலாம். முதல் மூன்று மாதங் கழிந்தபின் இரசாயன மருந்துகள் சிலவற்றையும் கொடுக்கலாம். தாயையோ சேயையோ இழந்தே தீரவேண்டும் என்பதில்லை.

நம் நாடும் நம் கடமையும்

இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயே. அரசாங்க வைத்தியசாலைகளிலே இதற்குரிய சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகின்றது. 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின்கீழ் நடைபெறுகின்றன. 35 வயதெய்திய பெண்களை அங்கு அழைத்து, ஏனைய சோதனைகளோடு மார்பகத்தையும் சோதிக்கின்றனர். அக்கிராமத்து மருத்துவமாதை வினவினால் நாளும் இடமும் தெரியவரும். மகரகமையை நோக்கி நெடும்பயணம் செய்யவேண்டியிருந்த வடபகுதி நோயாளருக்கு இன்று தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை கால்நடையாக வந்தோர் திரட்டிய நிதி அவ்வைத்தியசாலையின் ஆக்கத்துக்கு உதவிற்று. தென்முனை மக்களும் நம் பெண்களின் உயிருக்காக நடந்தனர். நாம் நம் வீட்டுப் பெண்ணை அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லத் தயங்குதல் தகுமா?

தயக்கத்தின் மூலம் பெரும்பாலும் அறியாமையன்று. ஊர் அறிந்துவிடுமே என்னும் அச்சம். மணமாகாத பெண்ணாயின் அவளது திருமணம் தடைப்படுமென்பர். மணமானவளாயின் தங்கையின் திருமணம் தடைப்படுமென்பர். இவ்வச்சத்தைப் பெண்கள் மட்டும் போக்க இயலாது. பெண் கேட்போரும், சாதகம் பார்ப்போரும், சம்மதஞ் சொல்வோரும் நாமன்றோ? நோய் வந்து மாறிய பெண்ணையும், நோய் வந்த குடும்பத்துப் பெண்ணையும் நாம் மதிக்கும் முறையே அடுத்த பெண் தன் கட்டியை மறைப்பாளா, காட்டுவாளா என்பதைத் தீர்மானிக்கின்றது.

நோயை முற்றாகத் தடுக்கும் வழி இல்லை. ஆயினும் குழந்தைக்கு நெடிது பாலூட்டுதல், உடலுழைப்பு, மிகையான உடற்பருமனையும் மதுவையும் தவிர்த்தல் என்பன நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, பாலூட்டும் ஒவ்வோராண்டுக்கும் ஆபத்து நூற்றுக்கு 4.3 வீதம் குறைகின்றது. அதற்குமேற் காப்பது விரைவு ஒன்றே. கட்டி காணப்பட்டு முதன்முதல் வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று துணியப்படவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வகுத்த திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. வைத்தியசாலையின் அறுபது நாட்களை அரசாங்கம் குறைக்கலாம். வீட்டிலே கழியும் நாட்களைக் குறைக்கவேண்டியவர் வீட்டாரே.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், உலகின் பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. இன்றிரவு வீட்டிலே, அப்பம்மாவும் மாமிமாரும் எவ்வயதில் எந்நோயால் வருந்தினர் என்று கேட்டறிந்து குறித்து வையுங்கள். தாயும் சகோதரியும் மனைவியும் மகளும் தம் உடலிற் கண்ட மாற்றத்தைச் சொல்ல முற்படும்பொழுது, அவர்தம் வயதைக் காரணங்காட்டி அவர்களை அடக்காதீர்கள். “நாளைக்கே காட்டுவோம்” என்று கூறி, மறுநாள் உடன் செல்லுங்கள்.